மகள் ஆடும் மேட்ச்சை அம்மா எப்போது பார்ப்பது?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட். காலையில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் கிளம்பும் பஸ்களில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம்தான். அவர்களில் ஒரு மாணவி கல்லூரியின் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு ஜோடி ஷூவும் இருக்கும். மூன்று வருடம் ஆடுவாள், கோப்பைகூட ஜெயிப்பாள். ஆனால், அவள் பந்தைக் கூடைக்குள் போடுவதை வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் பார்ப்பதெல்லாம் மெடலும் சான்றிதழும்தான்.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் கல்லூரிப் போட்டிகள் நடக்கும் விதம் அப்படி. பல கல்லூரி அணிகள் ஏதோ ஒரு வளாகத்தில் கூடும். பெரும்பாலும் வேலை நாள், நாக்-அவுட் முறை. காலையில் தோற்ற அணி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பஸ் ஏறிவிடும். ஜெயித்த அணிக்கோ, அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதே முந்தைய ஆட்டம் முடிந்தால்தான் தெரியும். தறிக்கோ, நூறு நாள் வேலைக்கோ போகும் அம்மா, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எதை நம்பி 30 கிலோமீட்டர் வருவார்? வந்தாலும் கல்லூரி வாசலில் வாட்ச்மேனுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் கைதட்டுவது சக மாணவிகளும், அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்கும் எதிர் அணியும்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் கதையே வேறு. நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு அணிக்கும் சுமார் 30 ஆட்டங்கள். அதில் பாதி சொந்த மைதானத்தில். எந்தத் தேதி, எத்தனை மணி என்று முன்கூட்டியே ஊருக்கே தெரியும். குடும்பங்கள் சீசன் டிக்கெட் வாங்கி வைக்கின்றன. 2023 அக்டோபரில் அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் அணி, கால்பந்து மைதானத்தில் தளம் போட்டு ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. கேட்லின் கிளார்க்கைப் பார்க்க வந்தவர்கள் 55,646 பேர். அந்த ஊரின் மக்கள்தொகையே ஏறக்குறைய 75 ஆயிரம்தான்! அடுத்த ஆண்டு கல்லூரிப் பெண்கள் இறுதிப்போட்டியை டி.வி-யில் பார்த்தவர்கள், ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்களைவிட அதிகம்.

'அது அமெரிக்கா, நமக்கு கிரிக்கெட்தான்' என்று கடந்துவிடலாம். ஆனால், தேனி மாவட்டம் பெரியகுளத்துக்கு என்ன பதில் சொல்வது? சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்துகிறது. மே மாதம், விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். ராணுவம், கடற்படை, வங்கி அணிகளெல்லாம் அந்தச் சின்ன ஊருக்கு வருகின்றன. கோடை விடுமுறை, வெயில் தாழ்ந்த நேரம், நடந்து போகும் தூரம். வேலை முடிந்து வருகிறவர்களும் பார்க்க முடிகிறது.

ஆட்டக்காரர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி காலத்திலிருந்தே இந்த விளையாட்டுக்குத் தமிழ்நாடு பழகியது. இந்திய அணிக்கு கேப்டனாக இருந்து, 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை சென்னைக்காரர். 2017 ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியப் பெண்கள் வீழ்த்தினார்கள். இரண்டே புள்ளி! அப்படி ஓர் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மறுபடியும் வராமல் இருப்பார்களா?

கிராமத்தில் இரவுக் கபடி என்றால் மைக் சத்தம் கேட்டதுமே பாயைத் தூக்கிக்கொண்டு குடும்பமாக வருகிறார்கள். கல்லூரி ஆட்டத்துக்கும் அவர்களை வரவைக்க ஸ்டேடியம் கட்டத் தேவையில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியும் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியும் பேசிக்கொண்டால் போதும். இந்த மாதம் நீங்கள் வாருங்கள், அடுத்த மாதம் நாங்கள் வருகிறோம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. செலவு என்று பார்த்தால் நடுவர் சம்பளம், அணிக்கு பஸ் கட்டணம், ஆளுக்கொரு டீ. கேட் மட்டும் திறந்திருக்க வேண்டும்.

பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி. இடைவேளையெல்லாம் சேர்த்தாலும் ஏழு மணிக்குள் ஆட்டம் முடிந்துவிடும். உத்திரமேரூருக்கு அப்போதும் பஸ் இருக்கும்.