கீழே விழுந்தா பைக்கை காப்பாத்துறது எது? 'ஸ்லைடர்', 'ஸ்டாண்டு' வாங்கும் முன்பு கவனிக்க...

கோவை:-

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், ஆழியார் சோதனைச்சாவடி பக்கம் பைக் கூட்டம் களைகட்டி விடும். அங்கிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மாதத்தவணையில் வாங்கிய 'ஸ்போர்ட்ஸ்' பைக்கை அந்த மலைப்பாதையில் ஒருமுறையாவது சாய்த்து ஓட்டிப்பார்க்க வேண்டும் என்பது வாலிபர்களின் ஆசை. வண்டி சாயுமோ இல்லையோ, சாய்ந்தால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது.

இந்த பயத்தை நம்பித்தான் உதிரிபாக கடைகளில் இரண்டு சாமான்கள் சக்கைபோடு போடுகின்றன. ஒன்று 'ஸ்லைடர்'. இன்னொன்று பின்சக்கரத்தை தரையில் இருந்து தூக்கி நிறுத்தும் 'பேடாக் ஸ்டாண்டு'. கோவையை அடுத்த செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் பந்தய வண்டிகளுக்கு மாட்டியிருப்பதை பார்த்துவிட்டு, அதே மாதிரி தங்கள் வண்டிக்கும் வேண்டும் என்று வந்து நிற்கிறவர்கள் அதிகம்.

ஆனால் தப்பான சாமானை வாங்கி மாட்டினால், காப்பாற்ற வேண்டிய அதுவே என்ஜினை உடைத்து விடும். ஸ்டாண்டில் ஏற்றிய வண்டியில் கவனக்குறைவாக கை வைத்தால் விரலே போய்விடும்.

ஸ்லைடர் என்றால் என்ன?

பைக்கின் இரண்டு பக்கமும் என்ஜினை பிரேமுடன் சேர்க்கும் போல்ட்டில் துருத்திக்கொண்டு நிற்கும் உருளைக்கட்டை தான் ஸ்லைடர். வண்டி சாய்ந்து தரையில் இழுத்துக்கொண்டு போகும்போது முதலில் தரையை தொடுவது இதுதான். கிளட்ச் கவர், மேக்னட் கவர், டேங்க், பிளாஸ்டிக் 'பேரிங்' ஆகியவை தேயாமல் இது தேய்ந்து கொடுக்கும். தேய்வதற்கு என்றே செய்த பொருள். பெயரே அதுதான், சறுக்கிக்கொண்டு போக வேண்டும்.

இதனால் எதில் செய்தது என்பது தான் முதல் கேள்வி. நல்ல ஸ்லைடர் நைலான் அல்லது 'டெல்ரின்' எனப்படும் கெட்டி பிளாஸ்டிக்கில் இருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. ரப்பர் வேண்டவே வேண்டாம். ரப்பர் ரோட்டை கவ்விப்பிடிக்கும். வேகமாக போகிற வண்டியை ஒரு இடத்தில் கவ்விப்பிடித்தால் அது சறுக்காது, புரண்டு விடும். பளபள என்று கலர் கலராக வரும் முழு அலுமினிய கட்டைகளும் அப்படித்தான். பார்க்க ஜோர், விழுந்தால் ரோட்டில் குத்தி இழுக்கும்.

அடுத்து கட்டையின் நடு ஓட்டையை பார்க்க வேண்டும். உள்ளே இரும்பு அல்லது அலுமினிய 'புஷ்' இருக்கிறதா? போல்ட்டின் தலை அந்த உலோகத்தில் உட்கார்ந்து இறுக வேண்டும். நேராக பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தால், இறுக்கிய இறுக்கம் நாளாக நாளாக நசுங்கி தளர்ந்து விடும். அது சாதாரண போல்ட் அல்ல, என்ஜினை தாங்கும் போல்ட். அது தளர்ந்தால் வண்டியே உதறும். போல்ட் தலை கட்டைக்குள் நன்றாக ஆழத்தில் இருக்க வேண்டும். மேலாகவே இருந்தால் கொஞ்சம் தேய்ந்ததும் இரும்பு ரோட்டை தொட்டுவிடும்.

லேத் பட்டறையில் செய்யலாமா?

கோவையில் இந்த கேள்வி வராமல் இருக்குமா! கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கம் லேத்துக்கு பஞ்சமே இல்லை. நைலான் ராடு வாங்கி கொடுத்தால் அரைமணி நேரத்தில் கடைந்து தந்துவிடுவார்கள். கட்டையை பொறுத்தவரை தாராளமாக செய்யலாம், கடையில் விற்பதை விட உருப்படியாகவே வரும். ஆபத்து கட்டையில் இல்லை. போல்ட்டில் இருக்கிறது.

ஸ்லைடர் மாட்ட, கம்பெனி போல்ட்டை கழற்றிவிட்டு அதைவிட நீளமான போல்ட் போட வேண்டும். பைக்குகளில் 10 மில்லி மீட்டர் போல்ட்டுக்கு மரை இடைவெளி பெரும்பாலும் 1.25 மில்லி மீட்டர் இருக்கும். ஹார்டுவேர் கடையில் '10 எம்.எம். போல்ட்' என்று கேட்டால் எடுத்து தருவது பெரும்பாலும் 1.5 மரை. முதல் இரண்டு சுற்று கையாலேயே போகும். அப்புறம் இறுகும். 'கொஞ்சம் டைட்டா இருக்கு' என்று நினைத்து ஸ்பேனர் போட்டு அழுத்தினால் என்ஜின் அலுமினியத்தில் இருக்கும் மரை மொத்தமும் சீவிக்கொண்டு வந்துவிடும். நூறு ரூபாய் போல்ட்டுக்காக என்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டிய கதை. பழைய போல்ட்டை கையில் கொண்டுபோய் மரை பார்த்து வாங்குவது தான் ஒரே வழி.

போல்ட் தலையில் ஒரு நம்பர் பொறித்திருப்பார்கள். 8.8, 10.9 என்று இருக்கும். அது அதன் பலத்தை சொல்வது. கம்பெனி போல்ட்டில் இருக்கும் நம்பரை விட குறைந்ததை போடக்கூடாது. நம்பரே இல்லாத போல்ட்டை தொடவே தொடாதீர்கள்.

மாட்டும்போது இரண்டு பக்க போல்ட்டையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடக்கூடாது. என்ஜின் கீழே இறங்கிவிடும், அப்புறம் ஓட்டை நேருக்கு நேர் வராது. என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் லேசாக தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக மாற்ற வேண்டும். கடைசி இறுக்கத்தை 'டார்க் ரெஞ்சு' வைத்து, வண்டி புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முடிக்க வேண்டும்.

நீளம் கூடினால் வில்லங்கம்

பெரிய ஸ்லைடர் தான் பலம் என்று நினைப்பது தப்பு. கடப்பாரை எவ்வளவு நீளமோ அவ்வளவு நெம்பும் அல்லவா? அதே கணக்கு தான் இங்கேயும். கட்டை நீளமாக வெளியே நின்றால், விழுகிற அடி முழுவதையும் நெம்பி போல்ட்டில் இறக்கும். போல்ட் வளையும், அல்லது என்ஜின் கூட்டில் போல்ட் பிடிக்கும் காது உடையும். சில நேரம் பிரேமே கோணிவிடும். கவரில் கீறல் விழுந்திருந்தால் கவரோடு போயிருக்கும் செலவு, காது உடைந்தால் எங்கேயோ போய் நிற்கும்.

வண்டியை சாய்த்துப்பார்த்து, கட்டை, கைப்பிடி நுனி, பின்சக்கர பக்கம் இந்த மூன்றும் தரையை தொடுகிற அளவு வந்தால் போதும். ஒரே போல்ட்டில் நிற்பதை விட, இரண்டு இடத்தில் பிடிக்கும் பிராக்கெட்டுடன் வருவது நல்லது. அடி இரண்டாக பிரியும். பேரிங் உள்ள வண்டிக்கு, பிளாஸ்டிக்கை வெட்டி மாட்டுவது, வெட்டாமல் மாட்டுவது என்று இரண்டு ரகம் இருக்கிறது. வெட்டாத ரகத்தில் பிராக்கெட் வளைந்து வளைந்து வரும் என்பதால் பலம் குறைவு. வெட்டும் ரகம் நேராக போல்ட்டில் உட்காரும், ஆனால் வண்டியை விற்கும்போது அந்த ஓட்டையை பார்த்து விலையை குறைப்பார்கள்.

சும்மா நிற்கும்போது சாய்வது, மெதுவான வேகத்தில் சறுக்குவது, இதற்கெல்லாம் ஸ்லைடர் நன்றாகவே உதவும். சென்டர் மீடியன் கல்லிலோ நடைபாதை விளிம்பிலோ மோதினால் அது ஒன்றும் செய்யாது. முக்கியமாக, அது காப்பாற்றுவது வண்டியை மட்டும் தான், ஓட்டுகிற ஆளை அல்ல. ஸ்லைடருக்கு செலவு செய்துவிட்டு 'ஹெல்மெட்'டை டேங்க் மேலே வைத்துக்கொண்டு போகிறவர்களை என்ன சொல்வது?

தினசரி ஓட்டுபவர்களுக்கு எது?

சாப்பாடு டெலிவரி, பால், பேப்பர், மில் ஷிப்ட் என்று 100, 125 சி.சி. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஸ்லைடர் தேவையே இல்லை. பழைய 'லெக் கார்டு' போதும். அதிலும் மெல்லிய குழாயில் குரோம் பூசி விற்பதை தவிர்க்க வேண்டும். ஒரு முறை விழுந்தால் உள்பக்கமாக மடங்கி காலையே அமுக்கும். கம்பெனி ஷோரூமில் அதே மாடலுக்கு விற்பதை பில்லோடு வாங்குவது நல்லது.

மாட்டியதும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி பாருங்கள். எங்கேயும் இடிக்கக்கூடாது. முன்பக்கத்தை அமுக்கி, மட்கார்டு கார்டில் தட்டுகிறதா பாருங்கள். உட்கார்ந்து பின் பிரேக்கை மிதியுங்கள், ஷூ சிக்கக்கூடாது. கைப்பிடியை விட அகலமாக கார்டு இருந்தால் அதை வாங்கவே கூடாது. உக்கடம் நெரிசலில் ஆட்டோவுக்கும் பஸ்சுக்கும் நடுவில் நுழையும்போது கைப்பிடி போய்விடும், கார்டு மாட்டிக்கொள்ளும்.

பிரேமில் வெல்டிங் வைப்பது, ஓட்டை போடுவது கூடவே கூடாது. கம்பெனி செய்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. இன்சூரன்சிலும் சிக்கல் வரும். கூடுதலாக மாட்டிய சாமான்களுக்கு பாலிசியில் தனியாக சேர்த்து பணம் கட்டியிருந்தால் தான் இழப்பீடு.

தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு

இப்போது வரும் ஸ்போர்ட்ஸ் பைக்குகள் பலவற்றில் 'சென்டர் ஸ்டாண்டு' கிடையாது. ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்.ஆர்.310, கே.டி.எம். டியூக், யமஹா ஆர்15 எல்லாமே 'சைடு ஸ்டாண்டு' மட்டும் தான். செயின் துடைக்க, எண்ணெய் விட, பஞ்சர் பார்க்க பின்சக்கரம் தரையில் படாமல் சுற்ற வேண்டும். அதற்குத்தான் பேடாக் ஸ்டாண்டு. சென்டர் ஸ்டாண்டு இருக்கிற வண்டிக்கு இது வீண் செலவு.

இதில் இரண்டு ரகம். பின்சக்கரத்தை பிடிக்கும் 'ஸ்விங் ஆர்ம்' அடியில் ரப்பர் பட்டையால் தாங்குவது ஒன்று. ஸ்விங் ஆர்மில் 'ஸ்பூல்' என்ற சின்ன உருளையை மாட்டி, அதை கவட்டை போன்ற கொக்கியால் தூக்குவது இன்னொன்று. ஸ்பூல் ரகம் தான் நழுவாது. வண்டியில் ஸ்பூலுக்கு மரை ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 6, 8, 10 மில்லி மீட்டர் என்று வண்டிக்கு வண்டி மாறும். ஓட்டை இல்லாவிட்டால் ரப்பர் பட்டை ரகம் வாங்கலாம், புதிதாக ஓட்டை போடக்கூடாது.

ஸ்டாண்டு மாட்ட இடைஞ்சல் என்று 'சேலை கார்டை' கழற்றி வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்சக்கரத்தில் பாதிக்கு குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. பின்னால் உட்காரும் அம்மாவின் சேலையோ, தங்கையின் துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்பதை சொல்லத்தேவை இல்லை. வேலை முடிந்ததும் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

ஏற்றுவது எப்படி?

சமதளமான சிமெண்டு தரை வேண்டும். ஈரமான டைல்ஸ், சரிவான வாசல் கூடாது. சைடு ஸ்டாண்டு போட்டபடியே இருக்கட்டும். முன் பிரேக்கை இழுத்து ரப்பர் பேண்டு அல்லது துணியால் கட்டிவிட்டால் வண்டி முன்னால் உருளாது. இடது பக்கம் நின்று, வண்டியை நேராக நிமிர்த்தி, இரண்டு கொக்கியும் ஸ்பூலில் உட்கார்ந்ததை பார்த்த பிறகே ஸ்டாண்டு கைப்பிடியை கீழே அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டி அழுத்தினால் 140, 170 கிலோ வண்டி அந்தப்பக்கம் போய் விழும். பழகும் வரை மறுபக்கம் ஒரு ஆள் பிடித்துக்கொள்வது நல்லது.

முன்சக்கரத்துக்கு தனி ஸ்டாண்டு உண்டு. எப்போதும் பின்பக்கத்தை முதலில் ஏற்ற வேண்டும், இறக்கும்போது முன்பக்கத்தை முதலில் இறக்க வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டி மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பது வேண்டாம்.

விரல் ஜாக்கிரதை

இனி சொல்லப்போவது தான் எல்லாவற்றையும் விட முக்கியம். பின்சக்கரம் தூக்கி நின்றதும், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று என்ஜினை ஸ்டார்ட் பண்ணி முதல் கியரில் போட்டு, ஓடுகிற செயின் மேல் துணியை வைத்து துடைப்பார்கள். அனுபவம் உள்ள மெக்கானிக்குகளே சிலர் இப்படி செய்வது உண்டு. துணியின் ஒரு நூல் செயினில் சிக்கினால் போதும், கண் இமைப்பதற்குள் துணியும் அதை பிடித்த விரலும் 'ஸ்பிராக்கெட்' பல்லுக்குள் போய்விடும். என்ஜின் நின்று காப்பாற்றாது, சும்மா ஓடும்போதே அதற்கு அவ்வளவு இழுவை இருக்கிறது. லேத், தறி, லோடு வேலை பார்க்கிறவர்களுக்கு விரல் தானே பிழைப்பு?

சாவியை கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். நியூட்ரல். சக்கரத்தை ஒரு கையால் மெதுவாக கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, நின்ற பிறகு செயினின் கீழ்ப்பகுதியை, இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் துடைக்க வேண்டும். மறுபடி தள்ளி, நிறுத்தி துடைக்க வேண்டும். கையால் வேகமாக சுழற்றிவிட்ட சக்கரம் கூட விரலை நசுக்கும். பக்கத்தில் சின்ன பிள்ளைகளை விடாதீர்கள், சுற்றுகிற சக்கரத்தை பார்த்தால் அவர்களுக்கு கை பரபரக்கும்.

விழுந்த பிறகு...

வண்டி ஒருமுறை ஸ்லைடர் மேல் விழுந்துவிட்டால், கட்டை நன்றாக இருப்பது போல தெரிந்தாலும் போல்ட்டை கழற்றி கண்ணாடி மேல் உருட்டிப்பார்க்க வேண்டும். நேராக உருண்டால் சரி, ஆடி ஆடி உருண்டால் வளைந்துவிட்டது என்று அர்த்தம். வளைந்த போல்ட்டை அடித்து நிமிர்த்தி மாட்டக்கூடாது. புதுசு தான் போட வேண்டும். போல்ட் பிடித்திருந்த இடத்தை டீசல் துணியால் துடைத்து, டார்ச் அடித்து மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலை ஏற வேண்டும்.