டிரெய்லர் லைட் எரியலையா? பல்பை மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

இந்த எபிசோட் கொஞ்சம் கிரீஸ் வாசனையோட இருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன், திருவண்ணாமலை. மாமா டிராக்டர்ல கரும்பு லோடு ஏத்திக்கிட்டு முன்னாடி போறாரு, நான் பைக்ல பின்னாடி. ராத்திரி பத்து மணி, செங்கம் ரோடு. முன்னாடி டிரெய்லர் போகுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுமே, அவர் பிரேக் போட்டப்போ கிட்டத்தட்ட போய் மோதியிருப்பேன். பின்னாடி லைட் மங்கிப் போச்சு. கிரிவலப் பாதையோட ஒரு பகுதி அந்த ரோட்டுலதான் வருது. ராத்திரியில நடந்து போறவங்க எப்பவும் இருப்பாங்க. தெரியாம வர்ற ஒருத்தர் கதி என்ன?

மறுநாள் காலையில செக் பண்ணினோம். ஹெட்லைட் போட்டா பின்னாடி சிவப்பு எரியுது. பிரேக் மிதிச்சா பிரகாசமா ஆகறதுக்குப் பதிலா மங்குது. கூடவே ரெண்டு பக்க இண்டிகேட்டரும் லேசா மினுங்குது. “பல்பு போயிருக்கும் மாப்ள”ன்னாரு மாமா. ரெண்டு பல்பு புதுசா வாங்கி மாட்டினோம். அப்படியேதான் இருந்துச்சு.

அப்புறம் டவுன்ல ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட கொண்டு போனோம். லைட்டையே அவர் பார்க்கல. “எர்த் போயிருக்கு”ன்னு ஒரே வார்த்தை.

எர்த் போனா என்ன ஆகும்?

பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் திரும்பவும் பேட்டரிக்கு வந்தாகணும். டிராக்டர்ல அதுக்கு வழி இரும்பு பாடிதான். டிரெய்லருக்கு? நடுவுல இருப்பது கொக்கி மட்டும். அதுல துரு, கிரீஸ், மண். அதனால்தான் ஏழு பின் பிளக்கில் திரும்பி வர்றதுக்கென்றே தனி வயர் இருக்கு. ஸ்டாண்டர்டு வயரிங்கில் அது வெள்ளை. மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக்.

அந்த வெள்ளை வயர் அறுந்தா கரண்ட் நிற்காது, வேற சந்து தேடும். ஒரு பல்பு வழியா வந்தது, பக்கத்து பல்பு வழியா டிராக்டர் பக்கம் திரும்பிப் போகும். ஹெட்லைட் மட்டும் போட்டா, டெயில் லைட் கரண்ட் பிரேக் பல்பு வழியா வெளியேறும். பிரேக் மிதிச்சா அந்தச் சந்தும் அடைபடும். மிச்சம் இண்டிகேட்டர்தான். அதான் சிவப்பு மங்கி, மஞ்சள் மினுங்குது.

இன்னொரு கணக்கு. பிரேக் பல்பு, இண்டிகேட்டர் பல்பு ஒவ்வொன்றும் 21 வாட், டெயில் 5 வாட். ரெண்டு பிரேக், ரெண்டு டெயில், ஒரு இண்டிகேட்டர் சேர்ந்தா 73 வாட். 12 வோல்ட்டுக்கு அது சுமார் 6 ஆம்பியர். அத்தனையும் திரும்புறது ஒரே வயர்ல. அதனால் எர்த் வயர் தடியா இருக்கணும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நீள வயரை எடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து டிரெய்லர் லைட்டோட எர்த் போல்ட்டுக்கு நேரா வையுங்க. எல்லாம் சரியா எரிஞ்சா, குற்றவாளி எர்த்.

ஒரே ஒரு லைட் மட்டும் எரியலைன்னா பல்பு, ஹோல்டர், அந்த ஒரு வயரைப் பாருங்க. இண்டிகேட்டர் வேகமா டிக் டிக்னு அடிச்சா, பெரும்பாலும் ஒரு பல்பு போயிருக்கும். பியூஸ் மாத்த மாத்தப் போனா, வயர் எங்கேயோ உரசி இரும்பைத் தொடுது. அதுக்குப் பெரிய பியூஸ் போடாதீங்க, வயர் எரியும்.

எங்க வண்டியில, கொக்கி திரும்பும் இடத்துல, டேப்புக்கு உள்ளேயே வெள்ளை வயர் அறுந்து பச்சை பூத்திருந்துச்சு. புது வயர் போட்டு, பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்ச்சு, லக் வச்சு போல்ட்ல இறுக்கினாரு அண்ணன். திரும்பும்போது இழுபடாம இருக்க வயரைக் கொஞ்சம் தளர்வா விட்டாரு.

கிளம்பும்போது, “லைட் எரிஞ்சா போதுமா? கரும்பு தொங்கி அதை மறைச்சா யாருக்குத் தெரியும்?”ன்னு கேட்டாரு. மாமா அங்கேயே தோகையை ஒதுக்கிக் கட்டினாரு. பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் ஒட்டினோம்.

அன்னைக்கு ராத்திரியும் பின்னாடியே போனேன். பிரேக் போட்டப்போ தூரத்துலயே தெரிஞ்சுது.

உங்க ஊர்ல டிரெய்லர் ஓட்டுற மாமா, சித்தப்பா யாராவது இருந்தா, லீவுக்குப் போகும்போது ஒரு தடவை பின்னாடி நின்னு, “பிரேக் மிதிங்க”ன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.