பென்ஷனா, பாஸ் புத்தகமா?

இங்கிலீஷ் பாஷையிலிருந்து தமிழர் இல்லங்களுக்குள் நுழைந்த வார்த்தைகளுள் ‘பென்ஷன்’ என்ற வார்த்தைக்குக் கிடைத்த மரியாதை வேறு எதற்கும் கிடைத்ததில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் வரன் தேடும்போது, பையனுக்குச் சம்பளம் என்ன என்று கேட்பதற்கு முன்பே, உத்தியோகம் பென்ஷன் உள்ளதுதானா என்று விசாரித்துவிடுவார்கள். ‘கோழி மேய்த்தாலும் கும்பினியில் மேய்க்க வேண்டும்’ என்ற பழமொழி, கும்பினியார் மறைந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வழக்கொழியாமல் இருந்ததற்குக் காரணம் சம்பளத்தின் பெருமையன்று. சம்பளம் நின்றுபோன பிறகும் மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்த பணத்தின் பெருமையேயாகும்.

பென்ஷன்தாரர்கள் ஆண்டுதோறும் ‘நான் உயிரோடிருக்கிறேன்’ என்று அத்தாட்சி கொடுக்க வேண்டும் என்பது நமது வாசகர்கள் அறிந்ததே. மனிதர் நேரில் வந்து நின்றாலும் காகிதத்தைக் கண்டால்தான் நம்புவோம் என்னும் இந்தச் சடங்கைப் பரிகாசம் செய்யாதவர்கள் இல்லை. ஆயினும் பென்ஷன் என்பதன் தத்துவம் முழுவதும் அந்த ஒரு காகிதத்தில் அடங்கியிருக்கிறது. சர்க்கார் பென்ஷன்தாரரிடம், “நீர் எவ்வளவு சேர்த்து வைத்தீர்?” என்று கேட்பதில்லை. “இன்னும் இருக்கிறீரா?” என்று மட்டுமே கேட்கிறது. “இருக்கிறேன்” என்று பதில் வந்தால் பணம் போகிறது. 61 வயதானாலும் சரி, 95 வயதானாலும் சரி.

இந்த ஏற்பாட்டைத்தான் இந்திய சர்க்கார், 2004-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி முதல் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இல்லையென்று சொல்லிற்று. தமிழ்நாடு சர்க்கார் அதற்கும் ஒன்பது மாதம் முந்திக்கொண்டு, 2003 ஏப்ரல் 1-ம் தேதி முதலே தன் புது ஊழியர்களுக்கு அவ்வாறு விதித்துவிட்டது. பென்ஷனுக்குப் பதிலாக ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கணக்கு. அதில் மாதந்தோறும் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு, சர்க்காரிடமிருந்து ஒரு பங்கு. கடைசியில் என்ன சேர்ந்திருக்கிறதோ அதுவே முதுமைக்கு ஆதாரம். இந்த யோசனை டில்லியில் பிறந்ததன்று. ஒரு தேசம் முழுவதற்கும் இதை முதன்முதலாகச் செய்து பார்த்தது பூமியின் மறுகோடியிலுள்ள சிலி. அங்கே இந்தக் குழந்தைக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அதன் குணாதிசயங்கள் நன்றாக வெளிப்பட்டுவிட்டன. ஆகவே முதலில் சிலிக்குப் போய் வருவோம்.

ஆண்டிஸ் மலைக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் இடையே, அங்கவஸ்திரத்தை நீளவாட்டில் விரித்துப் போட்டாற்போல், 4,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தேசம் அது. அமெரிக்கக் கண்டங்களில் தொழிலாளரின் முதுமைக்கும் நோய்க்கும் சட்டபூர்வமாக வழி செய்த முதல் நாடுகளுள் ஒன்று. 1924-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நாளடைவில் அந்தக் கட்டடம் ஒழுங்கில்லாமல் வளர்ந்தது. குமாஸ்தாக்களுக்கு ஒரு நிதி, தொழிலாளருக்கு ஒரு நிதி, பாங்கிச் சிப்பந்திகளுக்கு ஒரு நிதி என்று எத்தனையோ நிதிகள் தோன்றின. செல்வாக்குள்ள வகுப்பார் சீக்கிரமே ஓய்வு பெற்றுக் கொழுத்த பென்ஷன் வாங்கினார்கள். ஆலையிலும் வயலிலும் உழைத்தவன் 65 வயது வரையில் காத்திருந்து சொற்பம் வாங்கினான். போதாக்குறைக்கு 1970-களில் விலைவாசி தலைதெறிக்க ஏறி, கைக்கு வந்ததையும் தின்றுவிட்டது. பழைய ஏற்பாட்டில் சீர்திருத்தத்துக்கு இடமில்லை என்று எவரும் சொல்வதற்கில்லை.

1973 செப்டம்பர் 11-ம் தேதி சிலியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிற்று. ஜெனரல் பினோஷே சர்வாதிகாரியானார், சட்டசபை மூடப்பட்டது. சிகாகோ சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்த சிலர் ராணுவத்தாருக்கு ஆலோசகர்களாயினர். அவர்களுடன் ஒத்த கருத்துள்ளவரும், ஹார்வர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவருமான ஹோசே பின்யேரா என்பவர் தொழில் மந்திரியானார். 1980 நவம்பர் 4-ம் தேதி, 3500 என்ற எண்ணுள்ள ஆணைச் சட்டம் வெளிவந்தது. அது அமுலுக்கு வந்த தினம் எது தெரியுமா? 1981 மே 1, தொழிலாளர் திருநாள்!

சட்டத்தின் சாரம் இதுதான்: ஒவ்வொரு தொழிலாளியும் தன் சம்பளத்தில் 10 சதவிகிதத்தைத் தன் பெயரிலுள்ள கணக்கில் கட்டாயமாகச் செலுத்த வேண்டும். அந்தப் பணத்தை நிர்வகிப்பது சர்க்காரன்று. லாபத்துக்காக நடைபெறும் தனியார் கம்பெனிகள். அந்தக் கம்பெனிகளுக்குரிய கமிஷனும் தொழிலாளியின் தலையிலேயே விழுந்தது. முதலாளி முதுமைக்கென்று ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாஸ் புத்தகம் கொடுக்கப்பட்டது. மந்திரி தொலைக்காட்சியில் தோன்றி விளக்கினார். தொழிலாளி இனிச் சர்க்காரின் தயவை எதிர்பார்த்து நிற்பவனல்லன், மூலதனத்துக்குச் சொந்தக்காரன் என்பது அவருடைய வாதம். கேட்பதற்கு எவ்வளவு இனிய வார்த்தை! ‘இது உன்னுடையது’ என்ற சொல்லிலுள்ள வசீகரம் ‘இது நம் எல்லோருடையது’ என்ற சொல்லில் இருப்பதில்லை. பழைய ஏற்பாட்டிலிருந்து புதியதற்கு மாறியவர்களுக்கு மாதச் சம்பளத்தில் கைக்கு வரும் தொகையும் சற்று அதிகமாயிற்று. ஜனங்கள் திரள் திரளாக மாறினார்கள்.

அந்தச் சீர்திருத்தத்தில் ஒரு விலக்கு இருந்தது. ராணுவத்தாரும் போலீஸாரும் பழைய முறைப்படியே சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து பென்ஷன் பெற்று வருவார்கள்! ஆட்சியில் இருந்தவர்களோ ஜெனரல்கள். ஊராருக்கெல்லாம் மருந்து கொடுத்த வைத்தியர், ‘எங்கள் வீட்டாருக்கு மட்டும் இது வேண்டாம்’ என்று சொன்னால் நோயாளி என்ன நினைப்பான்? ராணுவ ஆட்சி 1990-ல் முடிந்தது. ராணுவத்தாரின் தனிப் பென்ஷன் முடியவில்லை.

நிற்க. முதல் பத்து ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டின் புகழ் உலகெங்கும் பரவிற்று. விலைவாசி ஏற்றம் போக ஆண்டுக்குச் சராசரி 10 சதவிகிதத்துக்கு மேல் அந்த நிதிகள் பலன் கொடுத்தன. 1994-ல் உலக பாங்கி வெளியிட்ட அறிக்கை ஒன்று, முதியோர் பிரச்னைக்குத் தனிநபர் கணக்கும் ஒரு வழி என்று சிபாரிசு செய்தது. பெரு, அர்ஜென்டைனா, மெக்ஸிகோ, போலந்து முதலிய தேசங்கள் தத்தமக்கேற்ற மாறுதல்களுடன் அந்த வழியில் இறங்கின. 2005-ல் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், தம் நாட்டுச் சமூகக் காப்பு வரியில் ஒரு பகுதியைத் தனிக் கணக்குகளில் போடலாம் என்று ஊர் ஊராகச் சென்று பிரசாரம் செய்தார். அமெரிக்க ஜனங்கள் அசையவில்லை. யோசனை ஓட்டெடுப்புக்கே வராமல் மறைந்தது. அர்ஜென்டைனாவோ 2008-ல் தனியார் கணக்குகளை எல்லாம் சர்க்கார் வசம் திரும்ப எடுத்துக்கொண்டது.

சிலியில் உண்மை வெளிப்படச் சில காலம் பிடித்தது. பாஸ் புத்தகத்தை மட்டுமே நம்பியவர்கள் கிழவர்களான பிறகல்லவா தெரியும்? 10 சதவிகிதம் போதும் என்ற கணக்கு, இடைவிடாமல் நாற்பது ஆண்டுகள் சம்பளம் வாங்குகிற ஒரு மனிதனை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. அப்படிப்பட்ட மனிதன் பொருளாதாரப் புத்தகங்களில் நிறைய இருக்கிறான். தெருவில் அவ்வளவாக இல்லை. பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் கூலி பெறுபவன், வேலை போய் ஒரு வருஷம் திண்டாடியவன், வண்டியில் சாமான் வைத்து விற்பவன், இவர்களுடைய புத்தகங்களில் வெற்றுப் பக்கங்களே அதிகம்.

ஸ்திரீகளின் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்குச் சம்பளம் குறைவு. பிள்ளைப்பேற்றுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் வேலையை விட்ட ஆண்டுகள் உண்டு. ஆண்களுக்கு ஓய்வு வயது 65, பெண்களுக்கு 60. ஆகவே சேர்வது சிறு தொகை. பெண்கள் அதிக காலம் உயிர் வாழ்வதால், அந்தச் சிறு தொகையையும் அதிக மாதங்களுக்குப் பங்கிட வேண்டும் என்று கம்பெனிகளின் ஆயுள் அட்டவணை சொல்லிற்று. ‘தீர்க்க சுமங்கலியாய், தீர்க்காயுளோடு இரு’ என்று பெரியவர்கள் வாழ்த்துகிறார்களே, அந்தத் தீர்க்காயுள் சிலியின் கணக்குப் புத்தகத்தில் பற்று வரியில் ஏறிவிட்டது! 2008-ல் மிஷேல் பச்சலே என்னும் பெண்மணி ஜனாதிபதியாக இருந்தபோது, ஏழை முதியோருக்குச் சர்க்காரே பணம் கொடுக்கவும், பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் தாயின் கணக்கில் ஒரு தொகை சேர்க்கவும் சட்டம் வந்தது. வாசல் வழியாக வெளியே அனுப்பிய சர்க்காரைக் கொல்லை வழியாக அழைத்து வர வேண்டியதாயிற்று.

2016-ல் லட்சக்கணக்கான ஜனங்கள் இந்தக் கம்பெனிகள் வேண்டாம் என்று வீதிகளில் ஊர்வலம் வந்தார்கள். 2019 அக்டோபரில் தலைநகரான சாந்தியாகோவின் சுரங்க ரயில் கட்டணம் 30 பெசோ ஏறியதும் மூண்ட பெருங் கிளர்ச்சியில், பென்ஷன் குறையும் முன்னணியில் நின்றது. அதை அடுத்துக் கொள்ளை நோய்க் காலம் வந்தது. 2020-லும் 2021-லும் மூன்று தடவை, தடவைக்கு 10 சதவிகிதம் வீதம், ஜனங்கள் தங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம் என்று சட்டசபை அனுமதித்தது. ஏறக்குறைய 5,000 கோடி டாலர் வெளியேறிற்று. பலருடைய புத்தகத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. ‘உன்னுடைய பணம்’ என்று நாற்பது ஆண்டுகள் சொல்லிக் கொடுத்த பிறகு, பசி வேளையில் அதை எடுக்காதே என்று யார் சொல்ல முடியும்? 2022-ல் முதியோரில் பெரும்பாலோருக்கும் சர்க்கார் உதவித்தொகை ஏற்பட்டது. 2025 ஜனவரியில் நிறைவேறிய சட்டம், முதலாளிகளின் பங்கைப் படிப்படியாக 8.5 சதவிகிதம் வரையில் உயர்த்த வழி செய்தது. தனிக் கணக்கு ஒழியவில்லை. ஆனால் அது தனியாக நிற்காது என்பதை அந்தத் தேசம் ஒப்புக்கொண்டது.

நம் வீட்டுக் கணக்காகவே இதைப் பார்ப்போம். ஒருவர் 60 வயதில் 20 லட்சம் ரூபாயுடன் ஓய்வு பெறுகிறார். மாதச் செலவு 15,000 ரூபாய். வட்டி வரவும் விலைவாசி ஏற்றமும் ஒன்றுக்கொன்று சரியாய்ப் போயிற்று என்று வைத்துக்கொண்டால், 71-வது வயதில் பணம் தீர்ந்துவிடும். அவர் 70 வயதில் காலமானால் கணக்குச் சரி. 85 வரையில் இருந்தால்? தம்முடைய மரண தேதி தெரிந்தாலொழிய எவரும் இந்தக் கணக்கைத் தனியாகப் போட முடியாது. லட்சம் பேர் சேர்ந்தால் போடலாம். முன்னால் போனவரின் பங்கு பின்னால் இருப்பவருக்கு உதவும். பென்ஷன் என்பது இந்தக் கூட்டுக் குடும்ப உபாயமேயன்றி வேறில்லை.

இந்தியாவில் செய்த ஏற்பாடு சிலியின் நகலன்று என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். இங்கே சர்க்காரும் பங்கு கொடுக்கிறது. மத்திய சர்க்காரின் பங்கு முதலில் 10 சதவிகிதமாயிருந்து, 2019 ஏப்ரல் முதல் 14 ஆயிற்று. நிர்வாகச் செலவும் மிகக் குறைவு. சேர்ந்த தொகையில் 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கொடுத்து, ஆயுள் உள்ளவரையில் மாதந்தோறும் பணம் பெற வேண்டும்; இதற்கு ‘ஆன்யூட்டி’ என்று பெயர். ஆனால் அது எவ்வளவு கிடைக்கும் என்பது ஓய்வு பெறும் வேளையில் பங்கு மார்க்கெட் எப்படி இருந்தது, வட்டி விகிதம் என்ன என்பதைப் பொறுத்தது. பழைய பென்ஷன் விலைவாசியோடு ஏறிற்று. ஆன்யூட்டி பெரும்பாலும் ஏறுவதில்லை. முப்படையினருக்கு இங்கும் விலக்கு உண்டு. சிப்பாய் இள வயதிலேயே வீடு திரும்புகிறான் என்ற காரணம் இருப்பதால் அதை நாம் குறை கூறவில்லை.

பழைய பென்ஷனிலும் குறை உண்டு. அதற்கென்று நிதி எதுவும் ஒதுக்கி வைக்கப்படவில்லை. அந்தந்த ஆண்டு வரிப் பணத்திலிருந்தே கொடுக்கப்பட்டது. தீப்பெட்டி வாங்குகிற கூலிக்காரனும் வரி கொடுக்கிறான். அவனுக்குப் பென்ஷன் இல்லை. ஆகவே ஊழியரும் தம் பங்கைச் செலுத்தட்டும் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பென்ஷன் சர்க்கார் இடும் பிச்சையன்று, செய்த ஊழியத்தினால் பெற்ற உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 1982 டிசம்பர் 17-ம் தேதி நகாரா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. பணம் சேர்க்கும் கடமையைப் பங்கிட்டுக்கொள்வது ஒன்று. மார்க்கெட்டின் சரிவையும் நீண்ட ஆயுளின் பாரத்தையும் ஒரே கிழவனாரின் தோளில் இறக்குவது வேறு.

மேற்கு வங்காளம் தொடக்கத்திலிருந்தே புதிய முறையில் சேரவில்லை. ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், ஹிமாசலப் பிரதேசம் ஆகிய ராஜ்யங்கள் 2022, 2023-ம் ஆண்டுகளில் பழைய பென்ஷனுக்கே திரும்புவதாக அறிவித்தன. 2024 ஆகஸ்டு 24-ம் தேதி மத்திய மந்திரிசபை நடுவழி ஒன்றை ஏற்றது. 25 ஆண்டுகள் ஊழியம் செய்தவருக்கு, கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி நிச்சயம். விலைவாசிக்கேற்ற உயர்வும் உண்டு. அவருக்குப் பின் மனைவிக்கோ கணவருக்கோ அதில் 60 சதவிகிதம். ஊழியரின் 10 சதவிகிதப் பங்கு தொடரும். 2025 ஏப்ரல் 1 முதல் இது அமுலுக்கு வந்தது. பாஸ் புத்தகத்தைப் பெருமளவு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஒரு வாக்குறுதியைப் பெறுகிற பேரம் இது, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டுந்தான்.

2004-ல் 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் 2039-ல்தான் 60 வயதை எட்டுவார். சாந்தியாகோவில் வந்த கிழவர்களின் வரிசை நம் ஊர்களில் இனிமேல்தான் வரப்போகிறது. புதுக் கணக்கிலேயே இருப்பவர்கள் ஓய்வு பெறும்போது ஆன்யூட்டி வாங்குவதற்குப் படிவம் ஒன்று நிரப்புவார்கள். தமக்குப் பின் மனைவிக்கும் தொடருமா, விலைவாசியை முன்னிட்டு ஆண்டுதோறும் சிறிது ஏறுமா, இல்லையா என்று அதில் சொல்ல வேண்டியிருக்கும். தொடரும் என்றாலும், ஏறும் என்றாலும், முதல் மாதத் தொகை குறையும். அந்தப் படிவத்தை ஆபீஸிலேயே நிரப்பிக் கொடுத்துவிடாமல், வீட்டுக்கு எடுத்து வந்து மனைவியிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டும்படி நமது வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.