பழைய வீடியோ கேம் இன்றும் தேறுமா?

பழைய வீடியோ கேம்கள் உண்மையில் நல்லவையா, சிறுவயது நினைவுதான் இனிக்கிறதா? தீர்ப்புச் சொல்ல யாழ்ப்பாண முஸ்லிம்களே பொருத்தமானவர்கள் என்பேன். 1985இல் வந்த சுப்பர் மரியோ பிரதர்ஸ் உலகெங்கும் வீடுகளில் ஓடியபோது, 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எம்மில் பலர் புத்தளத்து அகதிக் கொட்டில்களில் இருந்தோம். குடாநாட்டிலும் மின்சாரம் இல்லை. எனவே பழைய பாசம் எமக்கில்லை. விளையாட்டை மட்டுமே பார்க்கிறோம்.

குறை உண்டு: படங்கள் கட்டம் கட்டமானவை, சேமிக்கும் வசதியில்லை, நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. ஆனால் வெறும் 40 கிலோபைட்டில் அடங்கிய அதன் முதல் திரையே, ஒரு சொல்லுமின்றி, தாவக் கற்றுத் தருகிறது. 1984இன் டெட்ரிஸில் ஏழே வடிவங்கள்தான். இரண்டிலும் கைப்பழக்கமே வெல்லும். பிள்ளையின் கைபேசியில் காசு கேட்கும் இன்றைய கேம்களைவிட அவையே தேறுகின்றன.