படித்த பிள்ளைகள் கடை வேலைக்கு ஆகமாட்டார்களா?



கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் அன்னவாசல் கடைத்தெருவில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். நம்மிடம் பல வருடங்களாகச் சரக்கு எடுக்கும் கிராமத்துக் கடைக்காரர், தம் மகனையோ மகளையோ அழைத்து வந்து நிற்பார். "பி.காம். முடிச்சிருக்குண்ணே, ஒரு இடம் பார்த்துச் சொல்லுங்க" என்பார். "பார்ப்போம்" என்று சொல்லி அனுப்புவோம். அவர் தெருமுனை தாண்டியதும், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று நமக்குள் பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி என்பதை எங்கள் கடை அனுபவத்தைக் கொண்டே சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் கடையில் நடந்தது

2022ஆம் ஆண்டு எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகனைக் கணக்கு வேலைக்கு எடுத்தோம். பி.காம். பட்டதாரி. முதல் வாரத்திலேயே ஒருவர் ஒழுகிய எண்ணெய் டின் இரண்டைத் திருப்பிக் கொண்டு வந்தார். கிரெடிட் நோட் போடச் சொன்னோம். பையன் விழித்தான். கிரெடிட் நோட் என்றால் என்ன என்று தேர்வில் எழுதியிருக்கிறான்; ஒன்றைக்கூடக் கையால் போட்டதில்லை. வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "மூன்று வருடம் என்னத்தைப் படித்தாய்?" என்று கேட்டுவிட்டோம்.

சில நாள் கழித்து அவன் தயங்கியபடி வந்து, "முதலாளி, எண்ணெய் அனுப்புறவங்க பில்லு ரெண்டு மாசமா 2பி-யில ஏறலை" என்றான். "பில் கையில் இருக்கிறது, பணமும் கட்டியாயிற்று. நீ போய் மூட்டையை எண்ணு" என்றோம். மூன்றாம் வாரத்தோடு அவன் வரவில்லை.

அவன் சொன்னது என்னவென்று பிறகுதான் புரிந்தது. 2022 ஜனவரி 1 முதல், சரக்கு அனுப்பியவர் தம் கணக்கில் அந்த பில்லைக் காட்டி, அது நம்முடைய ஜி.எஸ்.டி.ஆர்.-2பி பட்டியலில் ஏறினால்தான் நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும். பில் கையில் இருப்பது மட்டும் போதாது. எங்கள் ஆடிட்டர் இதைக் கண்டுபிடித்தபோது, கழித்த வரியை வட்டியோடு திரும்பக் கட்டும்படி ஆயிற்று. கிரெடிட் நோட் போடத் தெரியாத பையனுக்குத் தெரிந்திருந்தது, நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்த எங்களுக்குத் தெரியவில்லை. அவன் தகப்பனார் இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். மகனைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

நாட்டு நிலவரம்

மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 100க்கு 47. அகில இந்திய அளவில் இது 28தான். பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட அறிக்கை வேறொன்றையும் சொல்கிறது. வேலைக்கு வரத் தயாராக இருக்கும் 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் 100க்கு 42 பேருக்கு வேலை இல்லை. 35 வயது தாண்டியவர்களிடம் இது 5க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆக, ஏதோ ஒரு வேலையில் கடைசியில் ஒட்டிக்கொள்கிறார்கள். இடையில் வீணாகும் வருடங்கள்தான் நஷ்டம்.

கல்லூரியின் பங்கு எது, நம் பங்கு எது?

கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் 'நாக்' குழு, 2017இல் திருத்திய தன் முறையில் மாணவர்களின் திருப்தியையும் கேட்டு மதிப்பெண் போடத் தொடங்கியது. பாடம் ஒழுங்காக முடிக்கப்பட்டதா என்பதோடு, வேலைக்கு வேண்டிய திறமைகளை வளர்க்கக் கல்லூரி முயற்சி எடுத்ததா என்ற கேள்வியும் அதில் உண்டு. தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கிக் கல்லூரிகளில் திறன் வகுப்புகளைக் கொண்டு வந்தது.

இவை நல்லவையே. எனினும், துவரம்பருப்பு மூட்டையில் குத்தூசி விட்டு ரகம் பார்க்கவும், யாருக்கு எவ்வளவு கடன் விடலாம் என்று எடைபோடவும், நிலுவையை மனம் நோகாமல் வசூலிக்கவும் எந்த வகுப்பறையும் கற்றுத்தர முடியாது. அது நம் வேலை.

நம் முன்னோர் அதை அறிந்திருந்தார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று வட்டிக்கடை நடத்திய நகரத்தார்கள் நம் மாவட்டத்து ஊர்களிலும் வாழ்பவர்கள். அவர்கள் கடையில் சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பெட்டிக்கு அருகில் இருந்து கண்ணால் பார்த்துக் கற்பான். பிறகு அடுத்தாள் ஆவான். தேறியவனே கடையைப் பொறுப்பேற்கும் ஏஜெண்டு. தொழிலை முழுதும் கற்றுக்கொண்டு வா என்று அந்தப் பையனிடம் யாரும் சொல்லவில்லை. கடையே அவனைத் தயாராக்கியது.

என்ன செய்யலாம்?

இப்போது எங்கள் கடையில் பக்கத்துக் கிராமத்துப் பட்டதாரிப் பெண் ஒருவர் பணியில் இருக்கிறார். இம்முறை நாங்கள் செய்தது இதுதான்:

1. முதல் மாதம் கணக்கைக் கையில் கொடுக்கவில்லை. பருப்பு, எண்ணெய், மளிகை ரகங்கள், எடை, இருப்பு ஆகியவற்றை மட்டும் காட்டினோம். சம்பளம் முழுதாகக் கொடுத்தோம்.

2. இரண்டாம் மாதம் பில், கிரெடிட் நோட், சிட்டை. தவறு வந்தால் வாடிக்கையாளர் போன பிறகே சொன்னோம்.

3. மூன்றாம் மாதம் ஜி.எஸ்.டி. வேலை. மாதம் 14ஆம் தேதி 2பி வந்ததும் கொள்முதல் பில்களோடு ஒத்துப் பார்த்து, ஏறாத பில்லுக்கு உடனே அவரே போன் செய்கிறார்.

4. மாதக் கடைசியில் உட்காரவைத்து, "என்ன பிடிபட்டது, என்ன பிடிபடவில்லை, எங்கள் மேல் என்ன குறை?" என்று கேட்கிறோம். முதல் தடவை அவர் சொன்ன குறை, உட்கார நாற்காலி இல்லை என்பது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டமே திருத்தியிருக்கிறது. மறுநாளே வாங்கிப் போட்டோம்.

தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 2019இல் திருத்திய விதிகளின்படி 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களுக்கு இது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ளவர்கள் விரும்பினால் பழகுநரைச் சேர்க்கலாம். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திட்டத்தில், உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், அரசு ஏற்கும் வகை செய்யப்பட்டது. பெரிய கடை வைத்திருப்போர் இப்போதைய நிபந்தனைகளை ஆடிட்டரிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். இரண்டு பேர், மூன்று பேர் உள்ள கடைக்குத் திட்டம் எதுவும் தேவையில்லை. மூன்று மாதப் பொறுமை இருந்தால் போதும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏட்டுக்குள் விதை இருக்கிறது. அதை ஊன்றித் தண்ணீர் விடவேண்டிய இடம் நம் கடை. அடுத்த முறை ஒரு தகப்பனார் பிள்ளையோடு வந்து நின்றால், "பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பாமல், "திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள்" என்று சொல்வோமாக.