சிறைக்குள் பிறந்த கும்பல்கள்!

பிரேசில் நாட்டை ஆட்டிப் படைக்கும் இரண்டு பெரிய குற்றக் கும்பல்கள் தெருவில் பிறந்தவை அல்ல. இரண்டுமே சிறைக்குள் பிறந்தவை!

தீவுச் சிறை

ராணுவ ஆட்சி நடந்த 1970-களில், ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் இலா கிராண்டே தீவுச் சிறையில் அரசியல் கைதிகளையும் வங்கிக் கொள்ளையரையும் ஒன்றாக அடைத்தார்கள். கட்டுப்பாடாக ஒன்றுசேரும் வித்தையைக் கொள்ளையர் கற்றுக்கொண்டனர். "சிவப்புப் படை" உருவானது.

111 பிணங்கள்

1992 அக்டோபர் 2-ந் தேதி, சாவ் பாவ்லோ நகரின் கராண்டிரு சிறையில் கைதிகளிடையே மோதல். அடக்கப் புகுந்தது போலீஸ். 111 கைதிகள் மாண்டனர்.

மறு ஆண்டு, அதே மாநிலத்தின் டவுபாட்டே சிறையில் 8 கைதிகள் "தலைநகரின் முதல் படை"யைத் தொடங்கினார்கள். கராண்டிரு கொடுமைக்குப் பழி தீர்ப்பதாகச் சொன்னார்கள். சந்தா வசூலித்தார்கள். வக்கீல் வைத்தார்கள். பார்க்க வரும் குடும்பத்தினருக்கு பஸ் கூட ஏற்பாடு செய்தார்கள். உதவி பெற்றவன் விடுதலையானதும் கடன் தீர்க்க வேண்டும். கடத்தலுக்கு ஆள் கிடைத்தது!

முறிந்த உறவு

பல ஆண்டுகள் கூட்டாக இருந்த இரு படைகளும் 2016-ல் பகையாயின. போதைப்பொருள் கடத்தும் வழிகள் யாருக்கு என்பதே சண்டை. 2017 புத்தாண்டு தினத்தில் மனாஸ் நகரச் சிறையில் மோதல் வெடித்தது. சிவப்புப் படையின் அன்றைய கூட்டாளிக் கும்பல் வெறியாட்டம் ஆடியது. 56 பேர் பலி!

கைதியின் உயிருக்கு அரசு காவல் நிற்காவிட்டால், வேறொருவன் நிற்பான். அதற்கு விலையும் கேட்பான்.