செருப்புத் தைக்கக் கற்ற கவிஞர்

1778-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், தென்மேற்கு ஜெர்மனியின் எம்மெண்டிங்கன் என்ற சிற்றூரில், செருப்புத் தைப்பவர் ஒருவரின் பட்டறையில் 27 வயது இளைஞர் ஒருவர் தொழில் பழகச் சேர்ந்தார். பெயர் யாக்கோப் லென்ட்ஸ். ஜெர்மன் கவிஞர் கெத்தேயின் இளமைக்கால நண்பர். நாடகாசிரியராகவும் கவிஞராகவும் பெயர் பெற்றிருந்தவர். அந்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில், மலைக்கிராமம் ஒன்றில் ஓபெர்லின் என்ற பாதிரியாரின் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் மனம் முற்றிலும் கலங்கியது. நள்ளிரவில் உறைய வைக்கும் தண்ணீர்த் தொட்டியில் குதித்தார். பக்கத்து ஊரில் இறந்துபோன குழந்தையை எழுப்பிவிட முடியும் என்று நம்பிப் போய் நின்றார். பாதிரியாரால் சமாளிக்க முடியவில்லை. லென்ட்ஸ் கடைசியில் கெத்தேயின் மைத்துனர் ஷ்லோசரின் பொறுப்பில் எம்மெண்டிங்கன் வந்து சேர்ந்தார்.

பட்டறையில் இருந்த மாதங்களில் அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. தொழில் சொல்லித் தந்தவரின் மகன் கொன்ராட் அவருக்கு நெருங்கிய தோழனாகிவிட்டான். அந்தப் பையன் வெளியூர் போய்த் தொழில் செய்ய வேண்டிய வயது வந்ததும், பாசல் நகரில் அவனுக்கு ஒரு நல்ல இடம் பார்த்துத் தரும்படி லென்ட்ஸ் தமக்குத் தெரிந்த செல்வந்தருக்கு எழுதுகிறார். சில மாதங்களுக்கு முன் பிறர் இரவும் பகலும் காவல் காத்த மனிதர், இன்னொருவருக்கு வேலை தேடுகிறார்.

லென்ட்ஸ் பாதிரியார் வீட்டில் கழித்த அந்தக் குளிர்கால நாட்களைக் கதையாக எழுதியவர் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வளர்ந்த கேயோர்க் பியூஷ்னர். மருத்துவம் படித்தவர், 23 வயதில் இறந்தவர். இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1839-ல் அச்சேறிய ‘லென்ட்ஸ்’ என்ற அந்தக் கதையில் மனச்சிதைவை உள்ளிருந்து பார்த்த துல்லியம் இருப்பதாக மனநல மருத்துவர்கள் இன்றும் வியக்கிறார்கள். ஆனால் கதை செருப்புப் பட்டறைக்கு முன்பே நின்றுவிடுகிறது. அந்த விடுபட்ட பகுதிதான் என்னை ஈர்க்கிறது. தீவிர மனநோய் வந்த ஒருவர் வேலைக்கோ படிப்புக்கோ திரும்புவது எப்படி? அதற்குத் தகுதி வந்துவிட்டது என்று யார் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்க டார்ம்ஸ்டாட் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு. நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பியூஷ்னர் பிறந்த கொடலாவ். அதை ஒட்டிய ஹோஃப்ஹைமில் 1533-ல் ஹெஸ்ஸன் ஆட்சியாளர் பிலிப் கிராமத்து ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனையை நிறுவினார். பியூஷ்னரின் தாய்வழிப் பாட்டனார் அதன் நிர்வாகத்தில் இருந்தவர். பிலிப்ஸ்ஹாஸ்பிட்டல் என்ற பெயரில் அது இன்றும் மனநல மருத்துவமனையாக இயங்குகிறது.

ஜெர்மனியின் இத்தகைய பழைய விடுதிகளில் வயலும் தொழுவமும் சலவைக்கூடமும் இருந்தன. நோயாளிகளே அவற்றில் உழைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்மன் சிமோன் என்ற மருத்துவர் இதை ஒரு சிகிச்சை முறையாகவே ஆக்கினார். வார்ஷ்டைனில் புதிய மருத்துவமனை கட்டும்போது ஆள் பற்றாக்குறை. படுக்கையில் கிடந்த நோயாளிகளை வேலைக்கு அழைத்தார். அவர்கள் அமைதியடைந்ததையும், பேசத் தொடங்கியதையும் கண்டார். பிறகு கூட்டர்ஸ்லோவில் அதை விரிவாக்கி 1929-ல் நூலாக எழுதினார். உலகெங்கும் மருத்துவர்கள் பார்க்க வந்தார்கள். ஆனால் அதே சிமோன், ‘தரம் குறைந்தவர்கள்’ பெருகுவது சமூகத்துக்குச் சுமை என்ற கொள்கையையும் ஆதரித்தார். உழைக்க முடிந்தால் மதிப்பு, முடியாவிட்டால் சுமை என்ற எண்ணம் அந்தக் காலத்தின் மூச்சில் கலந்திருந்தது.

அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லாமல் கடக்க முடியாது. நாஜி அரசு மனநல விடுதிகளுக்கு அனுப்பிய படிவத்தில், நோயாளி என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வி இருந்தது. அந்த ஒற்றைத் தாளைப் பார்த்து, நோயாளியை நேரில் காணாத மருத்துவர்கள் முடிவெடுத்தார்கள். ஹெஸ்ஸனின் ஹடமாரில் 1941 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 10,000-க்கும் மேற்பட்டோர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். பிலிப்ஸ்ஹாஸ்பிட்டலிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். ஒரு மனிதரின் உழைக்கும் திறனை மேசையில் உட்கார்ந்து அளக்கலாம் என்ற நம்பிக்கை இதைவிடக் கொடிய வடிவம் எடுத்ததில்லை.

போருக்குப் பின் மனநலத்துறை மாற நெடுங்காலம் பிடித்தது. 1975-ல் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட பெரிய ஆய்வறிக்கைதான் விடுதிகளின் அவலத்தை வெளியே கொண்டுவந்தது. நோயாளிகள் ஊருக்குள் திரும்பினார்கள். அவர்களுக்கெனப் பாதுகாக்கப்பட்ட தொழிற்கூடங்கள் பெருகின. இன்று ஜெர்மனி முழுவதும் சுமார் 3 லட்சம் மாற்றுத்திறனாளிகள் அவற்றில் வேலை செய்கிறார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மனநோய் கொண்டவர். பொட்டலம் கட்டுவது, பாகங்களைப் பொருத்துவது, தோட்டம், சமையல் என்று வேலைகள். அவசரம் இல்லை, யாரும் விரட்டுவதில்லை, ஓய்வூதியப் பாதுகாப்பு உண்டு. பலருக்கு அது உண்மையான நிழல். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கூலி? மாதத்துக்குச் சராசரியாக 220 யூரோவை ஒட்டிய தொகை. வெளியே 2025-ல் சட்டப்படி ஒரு மணி நேரத்துக்கே குறைந்தது 12.82 யூரோ. வெளியுலக வேலைக்குத் தயார்செய்வதும் இந்தக் கூடங்களின் கடமை. எனினும் ஓர் ஆண்டில் நூறு பேரில் ஒருவர்கூட அப்படி வெளியேறுவதில்லை. 2015-ல் ஐ.நா. குழு இவற்றைப் படிப்படியாகக் கைவிடும்படி ஜெர்மனியிடம் சொன்னது.

தயார்செய்தல் ஏன் தோற்கிறது? இதற்கு விடை தந்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பணியாற்றிய ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும். 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் வரிசையைத் தலைகீழாக்கினார்கள். முதலில் வேலை, பயிற்சி அந்த வேலையிலேயே. தேர்வு இல்லை, தயார்நிலைச் சான்று இல்லை. நோயின் பெயர், அறிகுறிகளின் கடுமை, எத்தனை முறை மருத்துவமனையில் சேர்ந்தார் என்பதெல்லாம் தடையில்லை. ‘எனக்கு வேலை வேண்டும்’ என்று அவர் சொன்னால் போதும். கூடவே ஒரு வேலைத் துணையாளர் இருப்பார். அவர் மருத்துவக் குழுவில் ஒருவர், ஒரு நேரத்தில் சுமார் 20 பேருக்குமேல் பொறுப்பேற்கமாட்டார், காலக்கெடு இல்லாமல் உடன் நிற்பார்.

இது நல்ல மனசுக்காரர்களின் ஆசையா, வேலை செய்யும் முறையா என்று ஐரோப்பாவில் சோதித்தார்கள். லண்டன், சூரிக், ரிமினி, க்ரோனிங்கன், சோஃபியா, தென் ஜெர்மனியின் உல்ம் வட்டாரம் ஆகிய ஆறு மையங்களில் 312 பேர். எல்லாருக்கும் மனச்சிதைவு போன்ற தீவிர நோய்; எல்லாரும் குறைந்தது ஓராண்டாக வேலையில்லாதவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் புதிய வழிக்கும், மீதிப் பேர் அந்தந்த ஊரின் வழக்கமான பயிற்சி மையங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். 2007-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு இது: 18 மாதங்களில் சாதாரண வேலைச் சந்தையில் ஒரு நாளாவது சம்பளத்துக்கு உழைத்தவர்கள், புதிய வழியில் 55 சதவீதம், பழைய வழியில் 28 சதவீதம். பாதியில் விலகியவர்கள் புதிய வழியில் 13 சதவீதம், பழைய வழியில் 45 சதவீதம். எனக்கு மிக முக்கியமாகப்படுவது மூன்றாவது எண். வேலையின் அழுத்தம் நோயைத் திரும்பக் கொண்டுவரும் என்றுதானே வீடும் மருத்துவரும் அஞ்சுகிறார்கள்? மருத்துவமனையில் மீண்டும் சேர்ந்தவர்கள் புதிய வழியில் 20 சதவீதம். பயிற்சி மையங்களில் 31 சதவீதம்.

குறையும் இருக்கிறது. கிடைப்பவை பெரும்பாலும் பகுதிநேர வேலைகள். சில மாதங்களில் நின்றுவிடுவனவும் பல. ஊரில் வேலையின்மை அதிகம் என்றால் இந்த வழியின் பலன் குறைகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆனாலும் ஜெர்மன் மனநல மருத்துவர் சங்கத்தின் சிகிச்சை வழிகாட்டி இன்று இம்முறையைப் பரிந்துரைக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மனச்சிதைவு என்றதும் நமக்குக் காதில் கேட்கும் குரல்கள் நினைவுக்கு வருகின்றன. வேலையிடத்தில் பெரிய தடை அநேகமாக அவை அல்ல. கவனம் சிதறுவது, சொன்னதை நினைவில் வைத்திருக்க முடியாமை, சிந்தனையின் வேகம் குறைவது, எதையும் தொடங்கும் உந்துதல் வற்றிப்போவது ஆகியவைதான் பெருந்தடைகள். ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்துக்குப் பொருத்துவதும் இவர்களுக்குக் கடினம். அதனால்தான் பயிற்சிக் கூடத்தில் ஈராண்டு கற்றது வெளியே கைகொடுப்பதில்லை; எந்தக் கடையில் வேலையோ அந்தக் கடையில் கற்றது ஒட்டிக்கொள்கிறது. துணையாளரின் வேலை நுட்பமானது. மாத்திரையால் காலையில் தலை தூக்க முடியாதவருக்கு மதியப் பணிநேரம் கேட்டு வாங்குவார். மருந்து வேளையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் பேசுவார். வாய்மொழியாக வரும் உத்தரவுகளைச் சீட்டில் எழுதித் தரும்படி மேலாளரிடம் சொல்வார். நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா, எவ்வளவு சொல்வது என்பதை முடிவு செய்வது வேலைக்குப் போகிறவர் மட்டுமே.

முதலாளிகளை அணுகுவதற்கு இத்துறையில் ‘மூன்று கோப்பைத் தேநீர்’ என்று ஒரு முறை இருக்கிறது. முதல் சந்திப்பில் அறிமுகம் மட்டும். இரண்டாவது சந்திப்பில் அந்தத் தொழிலில் என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. மூன்றாவதில்தான், ‘உங்களுக்குப் பொருத்தமான ஒருவர் இருக்கிறார்’ என்று பேச்செடுப்பது. சிபாரிசு கேட்டே பழகிய நம் ஊருக்கு இந்தப் பொறுமை புதிதுதான்.

ஜெர்மன் சட்டம் இப்போது இந்தப் பக்கம் மெல்லத் திரும்பியிருக்கிறது. 2009-ல் உடன்நின்று உதவும் வேலைவாய்ப்பு சட்டத்தில் இடம்பெற்றது. 2018 முதல், தொழிற்கூடத்துக்குப் போகும் உரிமை உள்ளவர் வெளியே வேலை தேடிக்கொண்டால், அவர் சம்பளத்தில் 75 சதவீதம்வரை அரசு முதலாளிக்குத் தரலாம். உடன்நிற்பவரின் செலவும் அதில் அடங்கும். சரிப்படவில்லை என்றால் பழைய கூடத்துக்குத் திரும்பும் உரிமையும் உண்டு. டார்ம்ஸ்டாட்டில் உள்ளவர்கள் இதற்கு ஹெஸ்ஸன் மாநில நல வாரியத்தை அணுக வேண்டும்; அதற்கு நகரிலேயே கிளை அலுவலகம் இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே நோய் வந்தவர்களுக்கு ‘ஹாம்பர்க் முறை’ இருக்கிறது: நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாக முழுநேரத்தை எட்டலாம். அதுவரை சம்பளத்துக்குப் பதில் காப்பீட்டின் நோய்க்கால உதவித்தொகை வரும்.

அங்கே படிக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். இப்போது ஜெர்மனியின் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம். டார்ம்ஸ்டாட்டின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பலருடைய இலக்கு. தீவிர மனநோய்கள் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்வயதின் இறுதியிலிருந்து இருபதுகளின் நடுவரை, சரியாகக் கல்லூரி வயதில். புலம்பெயர்ந்தோருக்கு ஆபத்து கூடுதல் என்பதும் பல ஆய்வுகளில் உறுதியானது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் நோயுள்ள மாணவர் தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை, இடைவேளை ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். பட்டச் சான்றிதழில் அதன் சுவடு இருக்காது. உடல்நலத்துக்காக ஒரு பருவம் விடுப்பும் எடுக்கலாம். டார்ம்ஸ்டாட்டின் மாணவர் நல அமைப்பு உளவியல் ஆலோசனையும் தருகிறது. ஊரில் கடன் வாங்கி அனுப்பிய பெற்றோருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் இவற்றைக் கேட்காமலே ஒரு பிள்ளை அறைக்குள் முடங்கிவிடக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை நடத்திய மருத்துவர் சாரதா மேனன், அங்கே நோயாளிகளுக்கான தொழிற்பயிற்சி மையத்தை உருவாக்கினார். பிறகு 1984-ல் அவர் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, மனச்சிதைவு உள்ளவர்களின் மறுவாழ்வைத் தன் மையமாக வைத்துக்கொண்டது. 1981-ல் சென்னையில் 90 பேருடன் தொடங்கிய நீண்டகால ஆய்வில், ஆண்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். குடும்பக் கடை, பட்டறை, வயல் எல்லாமே அதில் அடக்கம். வேலைச் சந்தையின் கதவு நம் ஊரில் அகலம். ஆனால் நோயுற்ற பெண்ணிடம் ‘உனக்கு என்ன வேலை பிடிக்கும்’ என்று யாரும் கேட்பதில்லை. சமைக்கிறாளா, துவைக்கிறாளா என்பதோடு குணம் அளக்கப்படுகிறது. 2014-ல் வெளியான மற்றோர் ஆய்வில், தமிழ்நாடு, கோவா, சதாரா ஆகிய இடங்களில் 282 பேர் பங்கேற்றனர். பட்டம் பெறாத உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்று வீடுகளுக்குப் போய் உதவினார்கள். தமிழ்நாட்டில் அதன் பலன் தெளிவாகத் தெரிந்தது. உடன்நிற்க மருத்துவரே வேண்டும் என்பதில்லை.

நம்மிடம் சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதத்தை மனநோய் உள்ளவர்கள் வேறு சில பிரிவினரோடு பகிர்ந்துகொள்கிறார்கள். உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம். இவற்றுக்கு 40 சதவீத ஊனச் சான்றிதழ் வேண்டும். சிக்கல் அங்கேதான். மனநோயின் ஊனத்தை அளக்க இந்தியாவில் பயன்படும் ‘ஐடியாஸ்’ அளவுகோலில் நான்கு தலைப்புகள்: தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். வேலைக்குப் போகத் தொடங்கியவரின் மதிப்பெண் குறைகிறது. ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒதுக்கீடு போய்விடும், சலுகைகளும் போய்விடும். ஆறு மாதத்தில் நோய் திரும்பினால் மறுபடி வரிசையில் நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று குடும்பம் கணக்குப் போடுவது நியாயமே.

இதைத் திருத்தப் பெரிய நிதி தேவையில்லை. வேலையில் சேர்ந்தபின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் சான்றிதழை மறுமதிப்பீடு செய்யக் கூடாது என்று ஓர் அரசாணை போதும். ஜெர்மனி தரும் திரும்பி வரும் உரிமைக்கு இது நம் ஊர்ப் பதில். தமிழ்நாட்டின் மாவட்ட மனநலத் திட்டக் குழுக்களில் மருத்துவரும் சமூகப் பணியாளரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அங்கே வேலைத் துணையாளர் ஒருவரையும் சேர்க்கலாம். அவர் அலுவலகத்தில் உட்கார வேண்டாம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கும், சிவகாசியில் அச்சகங்களுக்கும், கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறைகளுக்கும் போய் வரட்டும். 20 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், ஒரு மாவட்டத்தில் முதல் ஆண்டுக்கு ஒரே ஒரு சம்பளம்தான் செலவு.